காண்ட்ராக்ட் வேலைக்கு எல்.எல்.பி. ஆரம்பிக்கணுமா? நல்ல ஆடிட்டரை எப்படிப் பிடிப்பது?

நொய்யல்கரை (கோவை)

வணக்கம்ங்க. ஒன்பது வருஷம் இங்கே ஒரு ஐ.டி. கம்பெனியில எம்பெடட் சாஃப்ட்வேர் வேலை பார்த்தேன். 2025 அக்டோபரோட விலகிட்டேன். நவம்பர்ல இருந்து நெதர்லாந்துல இருக்கிற ஒரு கம்பெனிக்கு நேரடி காண்ட்ராக்ட். யூரோவுல அனுப்புறாங்க, நம்ம கணக்குல மாசம் சுமார் 3 லட்சம் வருது. ரெண்டு மாசப் பணம் என் சேமிப்புக் கணக்குலயே வந்து கிடக்குது.

பழைய ஆபீஸ் நண்பர்கள் எல்லாரும் "உடனே எல்.எல்.பி. (பார்ட்னர்களோட பொறுப்புக்கு வரம்பு இருக்கிற கூட்டு நிறுவனம்) போடு, பெரிய கிளையண்ட் மதிப்பான்"னு சொல்றாங்க. வீட்டுக்காரியைப் பார்ட்னராப் போட்டா வரியும் பாதியாகும்னு ஒருத்தர் சொன்னார். ஆன்லைன்ல தேடினா கம்பெனி பதிவு செஞ்சு தர்ற சைட்டுங்க நாளுக்கு நாலு தடவை போன் பண்றாங்க. இதுவரைக்கும் கம்பெனி தர்ற ஃபார்ம் 16ஐ வெச்சு நானே வரி ரிட்டர்ன் போட்டுட்டு இருந்தவன்ங்க. ஆடிட்டர்னு ஒருத்தரைப் பார்த்ததே இல்ல. முதல்ல எதை முடிவு பண்றது, அமைப்பையா, ஆடிட்டரையா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

தாமரைக்குளம் (சென்னை)

தம்பி, எல்.எல்.பி. போட்டவன் நான். 2017ல போட்டேன். காரணம் நீங்க சொன்னதேதான், லெட்டர்ஹெட்டில் பேருக்குப் பின்னாடி அந்த மூணு எழுத்து இருந்தா கௌரவமா இருக்கும்னு நினைச்சேன். பதிவு செஞ்சு கொடுத்த இடத்தில் சான்றிதழை அழகா ஃபிரேம் போட்டுக் கொடுத்தாங்க. வருஷா வருஷம் மே 30க்குள்ள படிவம் 11, அக்டோபர் 30க்குள்ள படிவம் 8 போடணும்னு ஒரு வார்த்தை சொல்லலை. 2018 அக்டோபரில் போட வேண்டியதை எட்டு மாசம் கழிச்சுப் போட்டேன். அப்போ நாளுக்கு 100 ரூபாய் தாமதக் கட்டணம். 24,000 ரூபாய் சுளையாக் கட்டினேன். அந்த வருஷம் எல்.எல்.பி.யில் லாபமே ஒன்றரை லட்சம்தான்.

அதைவிடக் கஷ்டம் மூடுறது. படிவம் 24 போட்டு பேரை நீக்கணும்னா ஒரு வருஷமாவது எந்த வியாபாரமும் நடந்திருக்கக் கூடாது. அதுவரைக்கும் பாக்கி இருக்கிற படிவங்களையும் முடிச்சிருக்கணும். ஆரம்பிக்க ரெண்டு வாரம், மூடுறதுக்கு எனக்கு ஒன்றே முக்கால் வருஷம்.

இப்போ தனி உரிமையாளரா என் பேர்லயேதான் பில் போடறேன். எந்த கிளையண்டும் ஏன்னு கேட்கலை.

பேரேடு (மதுரை)

நான் பட்டயக் கணக்காளர், 19 ஆண்டுகளாகத் தொழில் செய்கிறேன். நொய்யல்கரை கேட்ட வரிசையில் ஒரு சின்னத் திருத்தம். அமைப்புக்கும் ஆடிட்டருக்கும் முன்னால் காண்ட்ராக்ட் வருகிறது. அதைப் படிக்காமல் "எல்.எல்.பி. போடுங்கள்" என்று யார் சொன்னாலும், அவர் விற்பதற்காகச் சொல்கிறார்.

கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். வருடம் முழுக்க மாதம் 3 லட்சம் என்றால் 36 லட்சம் வரவு.

தனிநபராக: 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில், ஐ.டி., பொறியியல், மருத்துவம், சட்டம் போன்ற குறிப்பிட்ட தொழில்களுக்கு வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். கணக்குப் புத்தகமும் வேண்டாம், தணிக்கையும் வேண்டாம். வரம்பு 50 லட்சம்; ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம். உங்களுக்கு வருவதெல்லாம் வங்கி வழியாக என்பதால் 75 லட்சம் என்றே வைத்துக்கொள்ளலாம். 36 லட்சத்தில் பாதி 18 லட்சம். 2025-26 புதிய வரிமுறை அடுக்குகளின்படி வரி 1,60,000, செஸ் சேர்த்து 1,66,400 ரூபாய். (இதே 36 லட்சம் சம்பளமாக வந்திருந்தால் 75,000 நிலைக்கழிவு போக 6,63,000 ரூபாய் கட்டியிருப்பீர்கள்.)

எல்.எல்.பி.யாக: 44ஏடிஏ எல்.எல்.பி.க்குக் கிடையாது, கம்பெனிக்கும் கிடையாது. இந்த ஒரு வரியைப் பதிவு சைட்டுகள் சொல்வதே இல்லை. உண்மையான செலவு 4 லட்சம் என்று வைத்தால் லாபம் 32 லட்சம். அதில் பார்ட்னருக்குச் சம்பளமாகக் கழிக்க அனுமதிக்கப்பட்ட உச்சம் 21 லட்சம். மீதி 11 லட்சத்துக்கு எல்.எல்.பி. 31.2 சதவீதம் கட்டும், 3,43,200. உங்கள் கையில் வரும் 21 லட்சத்துக்கு 2,34,000. ஆக மொத்தம் 5,77,200 ரூபாய். மூன்று மடங்குக்கும் மேல்.

மனைவி விஷயம்: அந்தத் தொழிலுக்கான படிப்போ அனுபவமோ இல்லாத துணைவருக்கு, உங்களுக்குக் கணிசமான பங்கு உள்ள நிறுவனத்திலிருந்து சம்பளம் போனால், அது 64-வது பிரிவின்படி உங்கள் வருமானத்தோடு சேர்த்தே கணக்கிடப்படும். போதாததற்கு 2025 ஏப்ரல் முதல் பார்ட்னருக்குக் கொடுக்கும் தொகை ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் எல்.எல்.பி. 10 சதவீதம் டி.டி.எஸ். (கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) பிடித்து ரிட்டர்ன் போட வேண்டும். அது இன்னொரு வேலை, இன்னொரு கட்டணம்.

2026 ஏப்ரல் 1 முதல் 2025-ம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. பிரிவு எண்கள் மாறும். பழைய எண்ணைத் தேடி அதன் பிறகு யாரும் குழம்ப வேண்டாம்.

ஊசிநூல் (திருப்பூர்)

பேரேடு சார் சொன்னதுல "குறிப்பிட்ட தொழில்"ங்கிறதைப் படிக்கிறவங்க அடிக்கோடு போட்டுக்கோங்க. நான் பனியன் ஏற்றுமதிக்கு மெர்ச்சண்டைசிங் பண்றவன். சாம்பிள் அப்ரூவல்ல இருந்து லோடு ஏத்துற வரைக்கும் கூட நின்னு பார்க்கிறது நம்ம வேலை, ஆர்டருக்கு இத்தனை சதவீதம்னு கமிஷன். மூணு வருஷம் 44ஏடிஏவுல பாதி காட்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுத்தார் ஒருத்தர். அப்புறம் நோட்டீஸ். கமிஷன் வருமானத்துக்கு 44ஏடிஏவும் இல்ல, கடைக்காரங்களுக்கான 44ஏடியும் இல்லைன்னு அப்பத்தான் தெரிஞ்சது. வித்தியாச வரி, அதுக்கு வட்டி, எல்லாம் நான்தான் கட்டுனனுங்க. ரிட்டர்ன் போட்டவர் "அப்ப எல்லாரும் அப்படித்தாங்க போட்டாங்க"ன்னு முடிச்சிட்டார்.

அவரை நான் ஆடிட்டர்னுதான் கூப்பிட்டுட்டு இருந்தேன். ஊரே அப்படித்தான் கூப்பிட்டுச்சு. அவர் சி.ஏ. இல்லைங்கிறதும் அப்பத்தான் தெரிஞ்சது.

பேரேடு (மதுரை)

ஊசிநூல் சொன்னது நம் ஊரில் மிகச் சாதாரணமாக நடப்பது. ரிட்டர்ன் போடும் எல்லோரையும் நாம் ஆடிட்டர் என்கிறோம். வரி ஆலோசகர்களிலும் அருமையான வேலைக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்பது தெரிந்திருக்க வேண்டும். சி.ஏ. என்றால் அவருக்கு இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் உறுப்பினர் எண் இருக்கும். கூச்சப்படாமல் கேளுங்கள். அவர் கையெழுத்திட்டுத் தரும் சான்றிதழிலும் தணிக்கை அறிக்கையிலும் யு.டி.ஐ.என். என்று 18 இலக்க எண் இருக்கும், அதை நிறுவனத்தின் தளத்தில் நீங்களே சரிபார்க்கலாம்.

"ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன், அதில் பத்து சதவீதம் கொடுங்கள்" என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். முடிவைப் பொறுத்துக் கட்டணம் வாங்குவது, சில விதிவிலக்குகள் தவிர, சி.ஏ.வுக்கு ஒழுங்குமீறல். அப்படி வாங்குகிறவர்தான் இல்லாத அரசியல் நன்கொடையையும் இல்லாத மருத்துவச் செலவையும் எழுதுவார். 2025 ஜூலையில் வருமான வரித் துறை பல மாநிலங்களில், தமிழ்நாடு உட்பட, சோதனை நடத்தியது இப்படிப்பட்ட இடங்களில்தான். ரிட்டர்னில் இருப்பது உங்கள் பான் எண். பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

மைத்தூவல் (திருச்சி)

இதோட நான் ஒண்ணு சேர்க்கிறேன். யாரிடம் போனாலும் முதல் நாளே கேட்க வேண்டியது: வரி போர்ட்டலில் யாருடைய மெயில், யாருடைய போன் நம்பர்?

நான் கிராஃபிக் டிசைனர். எல்லாம் உள்நாட்டு கிளையண்ட்ஸ். 20 லட்சம் தாண்டினதும் ஜி.எஸ்.டி. எடுத்தேன். வசதியா இருக்கட்டும்னு ஆடிட்டர் ஆபீஸ் மெயிலையும் அவங்க நம்பரையும் கொடுத்துப் பதிவு பண்ணாங்க. நானும் சரின்னுட்டேன். காலாண்டு ரிட்டர்ன். அந்த ஆபீஸில் என் ஃபைலைப் பார்த்துட்டிருந்த பையன் வேலையை விட்டுப் போயிட்டான். தொடர்ந்து ரெண்டு காலாண்டு போடலை. காரணம் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கு, பதில் சொல்ல ஏழு வேலை நாள். அது யாரோட மெயிலுக்குப் போச்சுன்னு சொல்லவே வேண்டாம். ரெஜிஸ்ட்ரேஷன் ரத்து.

எனக்கு எப்படித் தெரிஞ்சது தெரியுமா? என் பெரிய கிளையண்ட்டோட அக்கவுண்ட்ஸ் மேடம் சாயங்காலம் ஆறரைக்கு போன் பண்ணி, "உங்க நம்பர் ரத்துன்னு காட்டுதே, நீங்க எங்ககிட்ட வாங்கின ஜி.எஸ்.டி. எங்களுக்குக் கிரெடிட்டா வரவே இல்லையே"ன்னு கேட்டாங்க. கையில் பால் பாத்திரத்தோட அடுப்படியில் நின்னேன், அது பொங்கி வழியுறது கூடத் தெரியலை. பாக்கி ரிட்டர்ன், தாமதக் கட்டணம், வட்டி எல்லாம் கட்டி, ரத்தை நீக்க விண்ணப்பம் போட்டு, திரும்ப நம்பர் உயிர் பெற ஏழு வாரம் ஆச்சு. அந்த கிளையண்ட் அதுக்கப்புறம் எனக்கு வேலை கொடுக்கலை. நாலு வருஷப் பழக்கம்.

இப்போ எல்லாப் போர்ட்டலிலும் என் மெயில், என் நம்பர். ஓ.டி.பி. எனக்கு வரும், நான் சொல்லுவேன். புது ஆடிட்டர் அக்காவுக்கு அது தொந்தரவுதான், ஆனா ஒரு நாளும் முகம் சுளிச்சதில்லை.

பேரேடு சாரிடம் ஒரு சந்தேகம். கிராஃபிக் டிசைன் 44ஏடிஏவில் வருமா?

பேரேடு (மதுரை)

தங்கை, உங்களுக்கு நடந்தது என் தொழிலுக்கே தலைகுனிவு.

கிராஃபிக் டிசைன் என்ற பெயர் பட்டியலில் நேரடியாக இல்லை. வெப்சைட், செயலி வடிவமைப்பு என்றால் தகவல் தொழில்நுட்பத்தில் சேர்க்க இடம் உண்டு. அழைப்பிதழ், பேக்கிங் டிசைன் மட்டும் என்றால் அதைத் தொழில்முறைச் சேவையாகப் பார்ப்பதா வியாபாரமாகப் பார்ப்பதா என்பதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் பில்களை வரிசையாகப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பார்க்காமல் "வரும்" என்று ஒற்றைச் சொல்லில் சொல்பவரை நம்பாதீர்கள்.

தாமரைக்குளம் (சென்னை)

44ஏடிஏ பற்றி ஒரு கேள்வி. வீட்டிலிருந்து வேலை, கரண்ட் பில்லும் இன்டர்நெட்டும்தான் செலவு. உண்மையில் 90 சதவீதம் லாபம். அப்பவும் பாதி காட்டினால் போதும் என்று ஒரு சாரார், கூடாது என்று ஒரு சாரார். உங்கள் கருத்து என்ன சார்?

பேரேடு (மதுரை)

சட்டத்தின் வாசகம் "50 சதவீதம், அல்லது ஈட்டியதாக அவர் உரிமை கோரும் அதைவிடக் கூடுதலான தொகை". எங்களில் பெரும்பாலோர் 50 போதும் என்றே எடுத்துக்கொள்கிறோம். செலவுக்கு ரசீது கேட்க முடியாது என்பதே இந்தப் பிரிவின் நோக்கம். ஆனால் 36 லட்சம் வாங்கி 18 லட்சம் காட்டிவிட்டு அதே ஆண்டில் 30 லட்சத்துக்கு மனை வாங்கினால், பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரலாம். அதற்குப் பதிலாக வங்கிக் கணக்கும் பில்களும் ஒழுங்காக இருக்க வேண்டும். புத்தகம் எழுத வேண்டாம் என்றால் காகிதமே வைக்க வேண்டாம் என்று பொருள் இல்லை. பாதிக்கும் கீழே காட்ட விரும்பினால் புத்தகம், தணிக்கை இரண்டும் வந்துவிடும்.

நொய்யல்கரைக்கு வேண்டிய மற்றவை: ஜி.எஸ்.டி. வரம்பு சேவைக்கு ஒரு நிதியாண்டில் 20 லட்சம், ஏற்றுமதியும் அதில் சேரும், சம்பளம் சேராது. நவம்பர் முதல் மார்ச் வரை 15 லட்சம்தான், எனவே இந்த ஆண்டு அவசரமில்லை. அடுத்த நிதியாண்டில் ஏழாவது மாதம் 20 லட்சத்தைத் தாண்டும், தாண்டிய 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பதிவு செய்தாலும் வரி கட்ட வேண்டியதில்லை. ஏற்றுமதிச் சேவைக்கு வரி விகிதம் பூஜ்யம். ஆனால் ஒவ்வொரு நிதியாண்டுக்கும் எல்.யு.டி. என்ற உறுதிமொழியைப் போர்ட்டலில் கொடுக்க வேண்டும், பணம் அந்நியச் செலாவணியில் வந்ததற்கு வங்கியின் சான்று இருக்க வேண்டும். சேமிப்புக் கணக்கில் வந்து கிடக்கும் அந்த இரண்டு மாதப் பணத்துக்கும் அந்தச் சான்றை இப்போதே கேட்டு வாங்குங்கள். வருடக் கடைசியில் கேட்டால் அலைய விடுவார்கள்.

முன்கூட்டிய வரி 44ஏடிஏகாரருக்கு ஒரே தவணை, மார்ச் 15. மாநகராட்சிக்கு அரையாண்டுத் தொழில் வரி உண்டு, இதுவரை கம்பெனி பிடித்துக் கட்டியிருக்கும், இனி நீங்கள்.

தாமரைக்குளம் (சென்னை)

எல்லாம் சரி. ஆனா எல்.எல்.பி. பக்கம் ஒரு நியாயம் இருக்கு. வழக்குன்னு வந்தா தனி உரிமையாளருக்கு வீடு வரைக்கும் போகும். அதுக்காகவே பலர் போடறாங்க.

பேரேடு (மதுரை)

நல்ல நியாயம், ஆனால் தனி ஆளுக்கு அது பாதிதான் பொருந்தும். எல்.எல்.பி. சட்டத்தின் 28-வது பிரிவைப் படியுங்கள். மற்ற பார்ட்னரின் தவற்றுக்கு நீங்கள் பொறுப்பல்ல. உங்கள் சொந்தத் தவற்றுக்கு உங்கள் பொறுப்பு அப்படியே இருக்கிறது. சாஃப்ட்வேர் எழுதுவது நீங்கள் ஒருவர்தான் என்றால் தவறும் உங்களுடையதாகத்தானே இருக்கும்? ஆட்களை வேலைக்கு வைக்கும்போது, கடன் வாங்கும்போது, உண்மையான பார்ட்னர் ஒருவர் சேரும்போது, வரவு 75 லட்சத்தைத் தாண்டும்போது எல்.எல்.பி.யோ பிரைவேட் லிமிடெட்டோ யோசியுங்கள். அதுவரை உங்களுக்கான பாதுகாப்பு காண்ட்ராக்ட்டில் நஷ்டஈட்டுக்கு ஒரு உச்சவரம்பு எழுதி வாங்குவது.

நொய்யல்கரை (கோவை)

ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க. மூணு பேரைப் போய்ப் பார்த்தேன். நடந்ததைச் சொல்றேன்.

முதல் ஆபீஸ் பளபளன்னு இருந்துச்சு. பேச ஆரம்பிச்ச அஞ்சாவது நிமிஷத்துல எல்.எல்.பி., ஜி.எஸ்.டி., டிரேட்மார்க் எல்லாம் சேர்த்து 45,000க்கு ஒரு பேக்கேஜ் எழுதிக் கொடுத்தாங்க. 44ஏடிஏ பத்திக் கேட்டேன். "அதெல்லாம் சின்ன ஆளுங்களுக்குங்க"ன்னார்.

ரெண்டாவது சார் தங்கமான மனுஷன், ஆனா எல்லாமே அரிசி மில்லு, ஸ்பின்னிங் மில்லுக் கணக்கு. வெளிநாட்டுப் பணம் வர்ற ஃபைல் கையில ஒண்ணுகூட இல்லைன்னு அவரே சொல்லி, ராம்நகர்ல இருக்கிற ஒரு மேடத்துக்கிட்ட அனுப்பினார். ஃபீஸ் வாங்கலை. அவரை மறக்க மாட்டேன்.

அந்த மேடம் முதல்ல கேட்டது, "காண்ட்ராக்ட் கொண்டு வந்தீங்களா?" பதினொரு பக்கம். முக்கால் மணி நேரம், ஒரு வார்த்தை பேசாம, பென்சிலைக் கையில வெச்சுட்டுப் படிச்சாங்க. நான் எதிர்ல இருந்த காலண்டரையே பார்த்துட்டு உக்காந்திருந்தேன். முடிச்சிட்டுத் திருப்பிக் காட்டுனாங்க, ரெண்டு இடத்துல கோடு.

ஒண்ணு, நஷ்டஈட்டுக்கு உச்சவரம்பே இல்ல. பேரேடு சார் சொன்ன அதே விஷயம். இன்னொண்ணு எனக்குத் தோணவே இல்லாதது. "தினமும் எட்டு மணி நேரம், வேற யாருக்கும் வேலை செய்யக் கூடாது, வருஷத்துக்கு 24 நாள் லீவு"ன்னு எழுதியிருந்துச்சு. "இதைப் படிக்கிற ஆபீசர் நீங்க சம்பளக்காரர்னு சொன்னா நான் என்ன வாதாடுறது? ஆஸ்பத்திரி கன்சல்டன்ட் டாக்டர்கள் விஷயத்துல இதே மாதிரி எத்தனை கேஸ் போயிருக்கு தெரியுமா?"ன்னாங்க. நேரக் கணக்கை எடுத்துட்டு, இன்ன வேலை இன்ன தேதிக்குள்ளன்னு மாத்தி எழுதச் சொல்லுங்கன்னாங்க.

அப்புறம் கேட்டாங்க, "பழைய கம்பெனி ஷேர் ஏதாச்சும் கையில இருக்கா?" இருக்குதுங்க, அமெரிக்கத் தாய்க் கம்பெனியோடது, கொஞ்சம். அப்படின்னா ஐ.டி.ஆர். 4ங்கிற சுருக்கமான ரிட்டர்ன் படிவம் போட முடியாதாம். ஐ.டி.ஆர். 3, அதுல வெளிநாட்டுச் சொத்து அட்டவணையும் நிரப்பணுமாம். 44ஏடிஏ அதுலயும் எடுத்துக்கலாம்னாங்க. இத்தனை வருஷம் நான் அந்த அட்டவணையை நிரப்பாமயே போட்டிருக்கேன். அதைச் சரி பண்றதுதான் முதல் வேலைன்னு பழைய ரிட்டர்ன் எல்லாத்தையும் கேட்டிருக்காங்க.

ஃபீஸ் வருஷத்துக்கு 18,000, ஜி.எஸ்.டி. வந்தா தனி. பேரத்துக்கே மனசு வரலைங்க. மெயில், நம்பர் ரெண்டும் என்னுது, மைத்தூவல் அக்காவுக்கு நன்றி.

நெதர்லாந்துக்காரங்க ரெண்டு மாத்தத்துக்கும் ஒத்துக்கிட்டாங்க. உச்சவரம்பு, ஆறு மாச பில் தொகை. கேட்டதும் ஒரே நாள்ல பதில் வந்துச்சு. இதுக்காகவா பயந்தோம்னு இருந்துச்சு.

மைத்தூவல் (திருச்சி)

படிக்கவே மனசு நிறைஞ்சுது தம்பி. கரண்ட் அக்கவுண்ட் ஆரம்பிச்சாச்சா? தனி உரிமையாளர் கணக்குக்கு வங்கியில் தொழில் சான்று கேட்பாங்க. உதயம்ங்கிற சிறுதொழில் பதிவு அரசு தளத்தில் இலவசம், ஆதாரும் பானும் போதும். அதே மாதிரி முகப்பு வெச்சு 1,500, 2,000 கேட்கிற தளங்கள் இருக்கு, பணம் கேட்டாலே அது அரசு தளம் இல்லைன்னு மூடிடுங்க. நாளைக்கு உள்நாட்டு கிளையண்ட் வந்தாலும் உதயம் இருந்தா 45 நாளுக்குள்ள பணம் கொடுங்கன்னு கேட்க ஒரு பிடி இருக்கும்.

நொய்யல்கரை (கோவை)

உதயம் பத்து நிமிஷத்துல முடிஞ்சுதுங்க்கா. கரண்ட் அக்கவுண்டுக்குக் கொடுத்திருக்கேன், அந்த ரெண்டு மாச வங்கிச் சான்றும் கேட்டு எழுதிக் கொடுத்தாச்சு.

ஒண்ணுதான் பாக்கி. வாடகை வீடு. அடுத்த வருஷம் ஜி.எஸ்.டி.க்கு இந்த விலாசம் வேணும்னா ஹவுஸ் ஓனர் சம்மதக் கடிதமும் ஈ.பி. பில்லும் தரணும். "வீட்டுல கம்பெனி நடத்தறேன்னு எழுதிக் கொடுத்தா எனக்குக் கமர்ஷியல் கரண்ட் போட்டுருவாங்களே"ன்னு பெரியவர் பயப்படறார். சரவணம்பட்டிப் பக்கம் யாராச்சும் இதைப் பேசி வாங்கியிருந்தா எப்படிச் சொல்லிச் சம்மதிக்க வெச்சீங்கன்னு சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை காபிக்கு வரச் சொல்லியிருக்கார், அன்னைக்குக் கேட்கலாம்னு இருக்கேன்.